நான்கு சாக்குக் கரிமண்

நான்கு சாக்கு மண்ணுக்காகப் போடிமெட்டுச் செக்போஸ்டில் அரை நாள் நின்றவள் நான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூடாது என்று தடை இருந்த காலம். சேலைக்குள் அரிசியைக் கட்டிக்கொண்டு பெண்கள் மலை ஏறினார்கள். லாரியின் ஸ்டெப்னி டயருக்குள்கூட அரிசி ஏறியது. அதனால் சாக்கு என்று ஒன்றைக் கண்டாலே காவலர்களுக்குக் கை பரபரக்கும். என் அப்பா கேரளச் சமவெளியில் இருக்கும் பெருமாட்டியிலிருந்து தமிழ்நாடு வழியாக லாரி மாறி லாரி ஏறிக் கொண்டுவந்த முதல் சாக்கில் ஒரு காவலர் குத்தூசியை இறக்கினார். உருவி, அதன் குழியில் வந்ததை உள்ளங்கையில் தட்டினார். கறுப்பாக உதிர்ந்தது.

“என்னய்யா இது?”

“மண்ணுங்க,” என்றார் அப்பா.

“மண்ணுன்னு தெரியுது. உள்ள என்ன வச்சிருக்க?”

“உள்ளயும் மண்ணுதானுங்க.”

நான்கு சாக்கையும் ரோட்டோரம் அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். கொட்டினோம். காலால் கிளறிப் பார்த்தார். அப்பாவை எதிர்கொண்டு அழைத்துப்போக எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்திருந்த நான், பொறுமை இழந்து, நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்றும், களிமண் தண்ணீரில் இருக்கும் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றும், ஓடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யத்தான் இது என்றும் மூச்சுவிடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “மலை பூராவும் மண்ணுதானம்மா இருக்கு. மலைக்கு எவனாச்சும் மண்ணு கொண்டுபோவானா?” என்றார். கேள்வி நியாயமானது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. கொட்டிய மண்ணை நானும் அப்பாவும் கையால் வாரித்தான் திரும்பச் சாக்கில் போட்டோம். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

இந்த மண் வந்த கதை ஒரு கத்தியில் தொடங்கியது.

என் கணவர் போடிமெட்டுக்கு அருகே, கேரளப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். நான் அங்கேயே ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடை, ஓடையோரம் ஏல நாற்றங்கால். நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். போடிக்காரர், நாற்பது வயது இருக்கும், கணவர் இறந்துவிட்டார். ஏலக்காய் மூட்டையோடு சரிவில் விழுந்ததில் அவருக்கு முட்டி போய்விட்டது. காய் பறிக்க மேட்டில் ஏற முடியாது. நாற்றங்கால் வேலை உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அதில் போட்டிருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அறை. வேலை போனால் அறையும் போகும்.

இரண்டு கோடையாக நாற்றுகள் மஞ்சளாகி, வேர் கறுத்துச் செத்துக்கொண்டிருந்தன. “இந்த வருஷமும் போனா நர்சரிய மலைக்கு அந்தப் பக்கம் மாத்தும். அப்பொ உங்களுக்கு இவிட வேல இல்லா,” என்று மேனேஜர் தன் மலையாளத் தமிழில் அக்காவிடம் சொல்லிவிட்டார். மோசமான ஆள் இல்லை அவர். ஆனால் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது கெமிஸ்ட்ரி படித்த நான் இல்லை, அக்காதான். மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அழுகல் வராமல் இருக்கத் துருசையும் சுண்ணாம்பையும் பீப்பாயில் கலந்து அடிப்பார்கள். துருசு என்பது செம்பு உப்பு. சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை அந்த மருந்தில் முக்குவார்கள். கத்தி சிவந்தால் செம்பு இன்னும் சும்மா கிடக்கிறது, செடி கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு போடு என்று அர்த்தம். பீப்பாய் வேலை செய்து பழகிய அக்கா, என்னமோ தோன்றி, ஒருநாள் கவாத்துக் கத்தியை ஓடையில் முக்கி வைத்திருக்கிறார். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாசலில் நின்று கத்தியை நீட்டினார்.

“டீச்சர், இங்க பாருங்க. யாரோ மேல ஓடைக்குள்ள மருந்தக் கொட்டுறாக.”

அலகு செம்புக் குடம் மாதிரிச் சிவந்திருந்தது. விரலால் தேய்த்தேன், போகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அக்கா என் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி வர, இருவரும் ஓடையோரமாகவே மேலே போனோம். மருந்து கொட்டுகிறவர்கள் யாரும் இல்லை. போகப் போகக் கற்களில் துரு நிறம் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு சுரங்க வாய்.

நான் அந்த எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன்பே யாரோ மலையில் உலோகம் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். இருந்தது செலவுக்குக் கட்டாது என்று தெரிந்ததும், போட்ட கொட்டகையின் தகரத்தைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோண்டிய ஓட்டையை மட்டும் நமக்கு விட்டுவிட்டார்கள். காற்றும் தண்ணீரும் பட்ட பாறை அமிலமாகக் கசிந்து, அந்த அமிலம் பாறையிலிருக்கும் செம்பைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வந்தது. மழையில் ஓடை பெருகும்போது தெரியாது. கோடையில் ஓடை என்பதே பாதி இந்தத் தண்ணீர்தான். நாக்கு நுனியில் தொட்டேன், புளித்தது. கத்தி காட்டியது செம்பை மட்டும். வேறு என்னென்ன கரைந்திருந்தன என்று பார்க்க என்னிடம் எதுவும் இல்லை.

மேனேஜரிடம் ஓடினேன். சிவந்த கத்தியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதல்லே டீச்சரே? எங்க வீட்டில செம்புப் பாத்திரத்தில வெச்சுத்தான் குடிக்கும்.” குடத்துச் செம்பு வேறு, கரைந்த செம்பு வேறு என்று கால் மணி நேரம் சொன்னேன். தலையாட்டினார். சுண்ணாம்பு கேட்டேன். அது மருந்து அடிக்க எண்ணி வந்தது, ஒரு படிகூடத் தர முடியாது என்றார். லயத்துக்குக் குடிதண்ணீர் வேறு ஊற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது அவர்களுக்கே போதாது, அதில் நாற்றங்காலுக்குப் பங்கு கேட்டால் அடிக்க வருவார்கள். யார் வாயிலும் அந்த ஓடைத் தண்ணீர் போகவில்லை என்பதால் யாருக்கும் அதைப் பற்றி அக்கறையும் இல்லை.

இப்போது நினைத்தால், நான் அந்த அளவுக்கு வரிந்துகட்டியது அக்காவுக்காக மட்டும் இல்லை. மூன்று வருடம் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சித்தூரிலிருந்து பஸ்ஸேறிப் போய்ப் படித்த கெமிஸ்ட்ரி, அந்த மலையில் எனக்கு உப்புக்கும் புளிக்கும் மேல் உதவவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று முதன்முதலாக ஒருவருக்கு வேண்டியிருந்தது. விடுவேனா?

களிமண் உலோகத்தைப் பிடிக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். களிமண் துகள் தகடு தகடாக இருக்கும், தண்ணீரில் கரைந்த உலோகம் அந்தத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். மலையில் களிமண்ணுக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டை வெட்டிச் சிவப்புக் களிமண்ணைப் பீப்பாயில் கரைத்தோம். ஒரு நாள் வைத்தோம். கத்தி சிவந்தது. மண்ணைக் கூட்டினோம். கத்தி சிவந்தது. பத்து நாள் இப்படிப் போயிற்று. என் கணவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம், “ஏம்புள்ள, கத்தி இன்னிக்கு என்ன நெறம்?” என்று கேட்பார். ஒருநாள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட வேகத்தில் கேட்பதை நிறுத்தினார்.

எல்லாக் களிமண்ணும் ஒரே அளவு பிடிக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. மலைச் செம்மண் உழைத்துச் சலித்த மண், பிடிப்பு குறைவு. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கிற கரிசல் மண்தான் நிறையப் பிடிக்கும். எங்கள் பெருமாட்டிக் காடுகரை முழுக்க அந்த மண்தான். அதோடு சுக்காங்கல் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கும், அது சுண்ணாம்பு. புளிப்பை அது கொல்லும், செம்பை மண் பிடிக்கும். எங்கள் கிணற்று மேட்டில், பயிருக்கு மருந்து கலக்கும் துருசுத் தொட்டியைக் கழுவிக் கழுவி ஊற்றிய இடத்தில் ஆமணக்கு கருகாமல் ஆள் உயரம் நின்றதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன பயன், மண்டையில் ஏற இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நான்கு சாக்கு நம் காட்டு மண் அவசரமாக வேண்டும் என்று அப்பாவுக்கு எழுதினேன். பதில் கார்டு வந்தது. “மண் எதற்கு என்று விளங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு ஏதாவது தேவை இருந்தால் கூச்சப்படாமல் நேராகவே எழுதவும்.” மண் என்று நான் எழுதியதை அவர் மோட்டார் சைக்கிள் என்று படித்திருந்தார் போலிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எழுதினேன். அப்படி வந்ததுதான் செக்போஸ்டில் கொட்டி அள்ளிய மண்.

அதை வைத்து நான் முதலில் செய்த காரியம் இன்னும் வெட்கமாக இருக்கிறது. பீப்பாயின் அடியில் ஓட்டை போட்டு, கரிமண்ணை முக்கால்வாசி நிரப்பி, மேலே சுரங்கத் தண்ணீரை ஊற்றினேன். வடிகட்டிச் சொட்டும் என்று கீழே குடம் வைத்தேன். இரண்டு நாள் ஆகியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஊருக்குத் திரும்ப இருந்த அப்பா அந்தக் காலிக் குடத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“கரிமண்ணுல தண்ணி எறங்குமா அம்மிணி? மழ பேஞ்சா நம்ம காட்டுக்குள்ள கால் வெக்க முடியுதா? பொறந்து வளந்த புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?”

தெரியும். செருப்பில் அப்பிய அந்த மண்ணை ஈர்க்குச்சியால் வழித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள்தான் நான். ஆனால் புத்தகத்தைத் திறந்ததும் ஊர்ப் புத்தியை மூடிவைத்துவிடுகிறோமே, அதை என்ன சொல்ல. “தெரிஞ்சா முன்னாடியே சொல்றதுக்கென்னங்கப்பா?” என்று அவர் மேல் பாய்ந்தேன். “நீ படிச்சவ, ஏதோ காரியமாத்தான் பண்றேன்னு இருந்தேன்,” என்றார்.

வடிகட்ட வேண்டாம், கலக்கித் தெளிய வைக்கலாம் என்று அதன் பிறகு முடிவாயிற்று. சுரங்கத் தண்ணீர் ஓடையில் சேருவதற்கு முன் அதை ஒரு வாய்க்காலில் நாற்றங்கால் பக்கம் திருப்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று குழிகள் வெட்டினோம். அப்பாவும் என் கணவரும் வெட்டினார்கள். முதல் குழியில் கரிமண்ணைப் போட்டு அக்கா நீண்ட கழியால் கலக்குவார். சுக்காங்கல் பட்ட இடத்தில் சுர்ரென்று நுரை கிளம்பும். கலங்கிய தண்ணீர் அடுத்த குழியில் நின்று படியும், மூன்றாவதில் தெளியும். எங்கள் ஊர்க் குட்டையில் வாரக்கணக்கில் கலங்கியே கிடக்கிற மண், இந்தப் புளித்த தண்ணீரில் மளமளவென்று அடியில் இறங்கியது எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை மூன்றாவது குழியில் அக்கா கத்தியை முக்கினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் விட்டு எடுத்தார். முந்தானையில் துடைத்தார். அலகு வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கமும் வெள்ளை. “செவக்கல டீச்சர்!” என்று அவர் போட்ட சத்தத்தில் லயத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் மார்க் வந்தபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அந்தக் கோடை முழுக்க அக்காவின் காலை வேலை அதுதான். கத்தியை முக்குவது, வெள்ளையாக இருந்தால் பூவாளியில் மொண்டு பாத்திகளுக்கு ஊற்றுவது. கத்தி லேசாக இளஞ்சிவப்புக் காட்டினால் மண் நிறைந்துவிட்டது என்று பொருள். சேற்றை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புது மண் போட வேண்டும். அள்ளிய சேற்றை எங்கே போடுவது என்று அக்கா கேட்டபோது, “அப்படியே ஓரமாக் குவிச்சு வைங்கக்கா,” என்றேன். நாற்றங்கால் ஓரத்திலேயே குவித்தோம். மண்வெட்டியின் முதுகால் நானே தட்டிச் சரிவாக்கினேன். எங்கள் ஊரில் ஏரி தூர்வாரினால் வண்டலை அப்படித்தான் கரையில் தட்டிக் குவித்து வைப்பார்கள். காய்ந்ததும் வண்டி கட்டிக் காட்டுக்கு அடிப்பார்கள். கையின் பழக்கம் அது. அந்தக் குவியலைப் பற்றி நான் அதற்குமேல் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

நாற்றுகள் எழுந்தன. நான்காவது இலை, ஐந்தாவது இலை. மேனேஜர் ஒருநாள் வந்து பந்தலுக்குள் குனிந்து பார்த்து, “கொள்ளாம்,” என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மழை பிடித்ததும் நாற்றைப் பிடுங்கி நடுவார்கள். அதுவரை தாங்கினால் அக்காவின் அறை அக்காவுக்குத்தான். “இந்தத் தடவ தப்பிச்சிருவேன் டீச்சர்,” என்று அக்கா லயத்து அறையின் கதவுக்கு நீலச் சாயம்கூட வாங்கி அடித்தார்.

மே மாதக் கடைசியில் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, பிடுங்குவதற்காகக் கணவரோடு போடிக்குப் போனேன். இரண்டு நாள் தங்க வேண்டியதாயிற்று. அப்பா அடுத்த நான்கு சாக்கு மண்ணோடு வரப்போவதாக எழுதியிருந்தார். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். மூன்றாம் நாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பியபோது அப்பா வந்து, மண்ணை இறக்கி, ஊருக்கும் திரும்பிப் போயிருந்தார். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக என்னை நாற்றங்காலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“பாருங்க டீச்சர். ஐயா என்னா வேல பண்ணிட்டுப் போயிருக்காக!”

ஓரத்திலிருந்த குவியலைக் காணவில்லை. கடைசி இரண்டு பாத்திகளைத் தவிர எல்லாப் பாத்திகளிலும், நாற்றின் தூரோடு தூராக, விரற்கடைக் கனத்துக்கு அந்தச் சேறு பரப்பிக் கிடந்தது. முந்தின இரவு பெய்த மழையில் பாதி உள்ளே இறங்கியும்விட்டது.

“ஏனுங்கம்மா, இத்தன அருமையான வண்டல இப்பிடிப் போட்டு வெச்சிருக்கீங்களேன்னு ஐயா வஞ்சாக டீச்சர். கடைசி ரெண்டுக்குத்தான் பத்தல. மழைக்கு முன்னாடி போட்டுப்புடணுமாம்ல?”

ஆமாம், மழைக்கு முன்னால்தான் போட வேண்டும். வண்டலை வீணாக்குகிறவனுக்கு எங்கள் ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். கறுத்துக் கொழுத்து, தண்ணீருக்கு அடியில் கிடந்து பதமான மண்ணைப் பார்த்தால் கிழக்குச் சித்தூர் விவசாயி எவனுக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் அந்தச் சேற்றுக்குள்தான் கோடை முழுக்கப் பிடித்த செம்பு இருந்தது.

பஞ்சு அடைத்த வாயோடு நான் கத்தியது யாருக்கும் புரிந்திருக்காது. பாத்தியில் இறங்கிக் கையால் வழிக்க ஆரம்பித்தேன். அக்கா எதற்கு என்று தெரியாமலே என்னோடு வழித்தார். எங்கள் கால் பட்டுச் சில நாற்றுகள் சாய்ந்தன. மேலே இருந்ததை வழித்தோம். மழையோடு இறங்கியதை எப்படி வழிப்பது? நான் வீட்டுக்கு ஓடி ஒரு டம்ளரில் அந்தச் சேற்றைப் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றிக் கலக்கினேன். இந்த மலை மண் புளிப்பு மண், புளிப்பு பட்டால் சேறு பிடித்த செம்பை விட்டுவிடுமா என்று பார்க்கத்தான். அக்காவின் கத்தியை வாங்கி முக்கினேன். கலங்கலிலிருந்து எடுத்துத் துடைத்தபோது அலகின் நுனி சிவந்திருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“வெசம் செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன் டீச்சர்,” என்றார்.

பதினைந்து நாளில் இலை விளிம்புகள் வெளுத்தன. அப்புறம் மஞ்சள், அப்புறம் தண்டு துவண்டது. சேறு போதாமல் விட்டுப்போன கடைசி இரண்டு பாத்திகள் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றன.

தகவல் எழுதியதும் அப்பா அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பாத்தி ஓரத்தில் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “நம்ம காட்டு மண்ணு நல்ல மண்ணுதான அம்மிணி?” என்றார் மெல்ல.

“நல்ல மண்ணுங்கறதாலதானுங்கப்பா இத்தன செம்பப் புடிச்சு வெச்சிருந்துச்சு! கெட்ட மண்ணா இருந்திருந்தா இவ்வளவு கேடு வந்திருக்காது!” என்று நடு நாற்றங்காலில் நின்று கத்தினேன். பெற்றவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதலும் கடைசியும். அவர் நேராக அக்காவிடம் போய், “தப்பு எம்பேர்லதானுங்கம்மா. மேனேசருகிட்ட நா வந்து சொல்றேனுங்க,” என்றார்.

சொன்னார். நானும் கூடப் போனேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது, பாருங்கள் கத்தியை, பச்சையாக நிற்கிற இரண்டு பாத்தியைப் பாருங்கள், அதே தண்ணீர்தான் அதற்கும், அடுத்த கோடைவரை பொறுங்கள் என்று மேசையைத் தட்டாத குறையாகப் பேசினேன். மேனேஜர் முழுவதையும் கேட்டார். கடைசியில், “டீச்சரே, நிங்கள் சொல்றதெல்லாம் சரியாயிருக்கும். செடி செத்துபோயல்லோ,” என்றார். செக்போஸ்டுக்காரர் கேள்வி மாதிரியே அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. நாற்றங்கால் மலையின் அந்தப் பக்கத்துக்குப் போயிற்று. அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அக்கா ஒரு திங்கட்கிழமை காலை போனார். போடியில் தங்கை வீடு இருந்தது. தகரப்பெட்டி ஒன்று, பாய் ஒன்று, இரண்டு சட்டி. நீலக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை என் கணவரிடம் கொடுத்தார். ஜீப் காத்திருந்தது. அதில் ஏறாமல் நொண்டிக்கொண்டே ஓடைப் பக்கம் இறங்கினார். நான் பின்னால் போனேன். மூன்றாவது குழியில் கத்தியை முக்கி, வழக்கமான நேரம் காத்திருந்து, எடுத்துத் துடைத்து, என்னிடம் நீட்டினார். வெள்ளையாகத்தான் இருந்தது.

“தண்ணி நல்லாத்தான் இருக்கு டீச்சர்,” என்றார். பிறகு, கோபமே இல்லாமல், “தண்ணிய விட்டுட்டு அது எங்க போச்சுன்னு நானும் ஒரு நா கேக்கல. நீங்களும் சொல்லல,” என்றார்.

அப்பாவின் மேல் கத்தினேனே, மேனேஜரைத் திட்டினேனே, ஓட்டையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர்களைச் சபித்தேனே, அத்தனையும் சேர்ந்து அன்று என் மேலேயே திரும்பியது. மண் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். பிடித்தது மண்ணிலேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் பாடப் புத்தகத்தில் அது அடுத்த வரி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கத்தி வெள்ளையானதும் என் வேலை முடிந்துவிட்டது. அக்கா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பாத்தியிலிருந்து வழித்த சேற்றைப் பழைய சாக்குகளிலேயே கட்டிவைத்தேன். எங்கே கொட்டுவது? ஓடையில் கொட்ட முடியாது, மலைக்காட்டில் கொட்டினால் மலை மண்ணின் புளிப்பில் கரையும், சுரங்க வாயில் கொட்டினால் வந்த வழியே திரும்பி வரும். “எங்கியாச்சும் கொட்டித் தொல புள்ள,” என்றார் கணவர். எங்கே என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. நான்கு சாக்கும் எங்கள் வீட்டுப் பின்சுவரில், தகரத்துக்குக் கீழே, வாய் கட்டியபடி மூன்று வருடம் இருந்தன.

கணவருக்கு மாற்றல் வந்து வீட்டைக் காலி செய்த அன்று, அடுத்து குடிவரும் சூப்பர்வைசரின் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தாள். சின்னப் பெண், கம்பத்துக்காரி. பின்சுவருக்குப் போனவள் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு, கறுத்த மண்ணை நசுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“நல்ல மண்ணா இருக்கே டீச்சர். ரெண்டு கத்தரி, ரெண்டு மொளகா வைக்கலாம்ல?”

சாமான் ஏற்றிய லாரி வாசலில் நின்றது. கணவர் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் அவள் கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப்போய் மண் போகக் கழுவிவிட்டேன். பிறகு அந்தச் சாக்கின் பக்கத்திலேயே அவளை உட்காரவைத்து, சுரங்கத்திலிருந்து ஆரம்பித்து, அக்காவின் கத்தி, அப்பாவின் வண்டல், நீலக் கதவு என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். லாரிக்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்தார். முழுவதையும் அவளைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.